பாட்டிலில் லாவெண்டர், உள்ளே லாவண்டின்

"லாவெண்டர் எண்ணெய் போட்டும் தூக்கமே வரலை" என்று சொல்பவர்களிடம், அடுத்த முறை அந்தப் பாட்டிலையே எடுத்து வரச் சொல்வேன். மூடியைத் திறந்ததும் பூவாசத்தை முந்திக்கொண்டு கற்பூரம் மூக்கில் ஏறினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் லாவண்டின்.

அது போலி எண்ணெய் அல்ல. தெற்குப் பிரான்சில் மலைமேல் வளரும் அசல் லாவெண்டரும், அதற்குக் கீழே வளரும் ஸ்பைக் லாவெண்டரும் கலந்து வளரும் இடங்களில் தேனீக்கள் உண்டாக்கிய கலப்பினம். கோவேறு கழுதை மாதிரிதான்: திடம் அதிகம், வாரிசு கிடையாது. விதை பிடிக்காததால் குச்சி வெட்டி நட்டே பெருக்குகிறார்கள். எண்ணெய் பல மடங்கு கிடைப்பதால் விலையும் மலிவு; சோப்பிலும் சலவைத்தூளிலும் நாம் முகரும் லாவெண்டர் பெரும்பாலும் இதுதான்.

அசல் லாவெண்டரில் கற்பூரம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. அதிகம் பயிராகும் 'க்ரோஸோ' வகை லாவண்டினில் 6 முதல் 8 சதவீதம். இதமான மணம் தரும் லினலூலும் லினலைல் அசிடேட்டும் இதிலும் தாராளமாக உண்டு. ஆனால் கற்பூரம் சேர்ந்ததும் மணம் விறைப்பாகி, ஆளைத் தட்டி எழுப்புகிறது. படுக்கையறைக்கு இதை நான் தருவதில்லை. இறுகிய தோள், நடந்து களைத்த கெண்டைக்கால் இவற்றுக்குத் தருவேன்: 30 மில்லி பாதாம் எண்ணெயில் 12 சொட்டு, அதாவது சுமார் 2 சதவீதம். தேய்த்தலின் பலன் எவ்வளவு, எண்ணெயின் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுவேன். லாவெண்டர் எண்ணெய் அடைத்த 80 மில்லிகிராம் மாத்திரை பதற்றத்தைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் அசல் லாவெண்டரை வைத்துச் செய்தவை. அந்தப் பெருமையை இதற்குச் சூட்ட வேண்டாம்.

தீக்காயத்தில் இதை ஊற்றிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். எரியும் தோலில் கற்பூரமா? குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், போதும். வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கம் இந்த எண்ணெயைக் கொண்டுபோகாதீர்கள். குடிக்கவே கூடாது. திறந்து நாளான பாட்டிலும் ஆபத்துதான்: காற்றுப்பட்ட லினலூல் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும்.

வாங்கும்போது லேபிளில் தாவரப் பெயரைத் தேடுங்கள். 'அங்குஸ்டிஃபோலியா' என்றிருந்தால் அசல், 'இன்டர்மீடியா' என்றிருந்தால் லாவண்டின். வெறுமனே 'லாவெண்டர்' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்கமாட்டேன்.

தூக்கம் வராமல் வந்த ஒருவர் பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. இப்போது காலை நடைக்குப் பிறகு முழங்காலுக்குத் தேய்க்கிறார்.