அற்றாக்சியா: தள்ளாட்டமா, ஒத்திசைவின்மையா?

நரம்பியல் கிளினிக்குக்குக் கண்டி வரை போய் வந்தவரின் துண்டில் 'அற்றாக்சியா' என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டு வழக்கில் அட்டாக்சியா, நரம்புக் கோளாறால் உடலசைவுகள் ஒழுங்கு தவறும் நிலை. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) அதற்குக் கிடைக்கும் மொழிபெயர்ப்பு ஒன்றுதான்: "தள்ளாடுது". நடை அகன்று, பேச்சும் குழறினால், வாயில் சாராய வாடையே இல்லாவிட்டாலும் குடிகாரப் பட்டம் வந்துவிடும். அப்படி நினைப்பவர்களை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. சாராயம் மயக்குவதும் இந்த நோய் அரிப்பதும் மூளையின் ஒரே பகுதியைத்தான். ஆனால் ஒன்று காலையில் தெளியும், மற்றது தெளியாது.

கிரேக்கத்தில் 'தாக்சிஸ்' என்றால் ஒழுங்கு, படையின் அணிவகுப்பு. முன்னால் நிற்கும் 'அ' இன்மையைச் சொல்வது, 'அநீதி'யில் உள்ளது போல. ஆக, அணி கலைந்த நிலை. 1858இல் பிரெஞ்சு மருத்துவர் டூஷென் இதை ஒரு நடைக்கோளாறின் பெயராக்கினார். அது சிபிலிஸால் (மேகநோயால்) முண்ணாண் (தண்டுவடம்) கெடுவது, பரம்பரை நோயல்ல. தலைமுறை வழியாக வரும் ஒரு வகையை 1863இல் எழுதத் தொடங்கியவர் ஹைடல்பேர்க்கில் இருந்த ஃபிரீட்ரைக்.

கலைவது எந்த அணி? மேசையில் இருக்கும் ப்ளேன்டீ கோப்பையை எடுக்கக் கை நீள்கிறது. நீட்டும் தசை இழுக்க, மடக்கும் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். கோப்பை அருகே வந்ததும் அந்த மடக்கும் தசையே சரியான கணத்தில் பிரேக் போட வேண்டும். அந்தக் கணக்கை வைத்திருப்பது மூளி (இந்தியப் பாடநூல்களில் சிறுமூளை). மூளி பழுதானால் பிரேக் பிந்துகிறது. கை கோப்பையைத் தாண்டிப் போகும், திருத்தினால் இந்தப் பக்கம் தாண்டும். நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். பார்க்கின்சன் நடுக்கம் இதற்கு மறுதலை, சும்மா மடியில் கிடக்கும் கையில்தான் அது தெரியும். தசையின் பலத்தில் குறையில்லை என்பதால் 'வாதம்' என்பதும் பொருந்தாது.

மலைப்பாதையில் இதை இறக்கத்தில் பார்க்கலாம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரத்தைப் பிரேக் பிடித்து இறக்க வேண்டியிருக்கிறது. அதனால் லயத்துப் படியும் கானும் (வடிகாலும்) முதலில் எதிரியாகும். மருத்துவர் குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். பிறகு கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். விழுந்தால் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கண் திறந்திருக்கையில் நிலையாக நின்று, மூடியதும் சாய்ந்தால், சந்தேகம் காலிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பின் மேல் போகும். இருட்டில் மட்டும் மோசமாகத் தடுமாறுகிறவர்கள் இந்த வகை.

'அற்றாக்சின்-1' என்ற புரதத்தின் பெயரிலும் இந்தச் சொல்லே இருக்கிறது. பெய்ரூட்டில் பிறந்து, அமெரிக்காவின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றும் ஹுதா சோக்பியும், மினசோட்டாவின் ஹாரி ஓரும் 1993இல் இதன் பரம்பரையலகை (மரபணுவை) 6ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) பிடித்தார்கள். இருவரின் ஆய்வுகூடங்களும் ஒரே நாளில் அந்தப் பழுதைக் கண்டன. டி.என்.ஏ.யில் 'சி-ஏ-ஜி' என்ற மூன்றெழுத்து அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதுதான் பழுது. நடுவில் வேறு எழுத்து இடைமறிக்காமல் அது ஏறத்தாழ 40 தடவையைத் தொட்டால் நோய். புரதத்தில் குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தின் தொடர் நீண்டு, மூளியின் புர்க்கின்ஜி என்ற நரம்புக் கலங்கள் (செல்கள்) சாகின்றன. பழுதில்லாத அற்றாக்சின்-1 கூட அளவு மிஞ்சினால் கேடுதான் என்று பின்னர் சோக்பியின் குழு ஈக்களில் காட்டியது. இருவருக்கும் 2022இல் நரம்பறிவியலுக்கான காவ்லி பரிசு, வேறு இருவரோடு பகிர்ந்து கிடைத்தது.

இந்த வரிசை பிள்ளைக்குப் போகும்போது, குறிப்பாகத் தகப்பன் வழியில், இன்னும் நீளலாம். அப்பாவுக்கு நாற்பதில் வந்தது மகனுக்கு இருபத்தைந்தில் வருவது அதனால்தான். செய்வினை தேட வேண்டாம். இந்த அற்றாக்சின்-1 வகை ஆட்சியானது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஃபிரீட்ரைக் வகை பின்னிடைவானது, இருவரிடமிருந்தும் வர வேண்டும். மாமன் மகளைக் கட்டும் வழக்கத்தில் கூடுவது இந்த இரண்டாவது வகைக்கான வாய்ப்பே. விற்றமின் ஈ குறைவால் வரும் பரம்பரை வகை ஒன்றும் உண்டு, அது ஃபிரீட்ரைக் போலவே தோன்றும். விற்றமினை அதிக அளவில் கொடுத்தால் நோயை நிறுத்திவைக்கலாம் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

தமிழுக்கு என்ன? 'ஒழுங்கின்மை' கிரேக்கத்துக்கு நேரானது, ஆனால் காதில் 'ஒழுங்கீனம்' என்று விழும். குடிகாரப் பழிக்கு அது துணை போகும். 'ஒருங்கிணைவின்மை' பிழையில்லை, இருந்தாலும் கூட்டுறவுச் சங்க வாடை. தசைகள் ஒன்றுக்கொன்று தாளம் தவறுவதைச் சொல்வதால் 'ஒத்திசைவின்மை' எங்கள் தேர்வு. இலகு வேலை கேட்டுத் தோட்ட அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'தள்ளாட்டம்' என்று போடாமல் 'பரம்பரை மூளி ஒத்திசைவின்மை (அற்றாக்சியா)' என்று எழுதலாம். பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்ல வேண்டுமானால், "பலம் இருக்கு, கணக்குத்தான் பிசகுது" போதும்.