படம்தானே என்று கிளிக் பண்ணாதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது லேப்டாப். சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு ஆயா, பேரனையும் கூட்டிக்கொண்டு டர்பனில் உள்ள என் கடைக்கு வந்தார். மகளின் கல்யாணப் போட்டோக்கள், போன வருஷம் காலமான தாத்தாவின் குரல் பதிவுகள், எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. ஒன்றுமே திறக்கவில்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ். 980 டாலர் கட்டு, மூன்று நாளுக்குள் என்றால் பாதி போதும் என்று ஒரு கடிதம் வேறு. முந்தின ராத்திரி பையன் டோரண்டில், அதாவது பலருடைய கணினியிலிருந்து துண்டு துண்டாக ஃபைலை வாங்கும் முறையில், புதுத் தமிழ்ப் படம் இறக்கியிருக்கிறான்.

"படம்தானே அங்கிள், படத்துல எப்படி வைரஸ் வரும்?"

கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன கேள்வி. தம்பி, வந்தது படமே இல்லை. விண்டோஸ் தானாக ஃபைல் பெயரின் வாலை மறைத்துவிடும். 'எம்பி4' என்று உன் கண்ணுக்குத் தெரிவதற்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' ஒளிந்திருக்கும். அது புரோகிராம். வீடியோ பிளேயரின் சின்னத்தை எந்தப் புரோகிராமுக்கும் ஒட்டலாம். ஒரு ஜிபி இருந்ததே என்கிறாயா? வெற்றுத் தரவை அடைத்தால் எதுவும் ஒரு ஜிபி ஆகும். 'இந்தக் கோடெக்கை (வீடியோவை ஓட்ட உதவும் துணைப் புரோகிராம்) போட்டால்தான் ஓடும்' என்றாலும், பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வந்தாலும் உடனே அழித்துவிடு. பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது.

"இறக்கத்தானே செய்தேன்" என்பவர்களுக்கும் ஒன்று. டோரண்டில் இறக்கும்போதே வாங்கிய துண்டுகளை மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறீர்கள், இணையத்தில் உங்கள் அடையாள எண்ணான ஐபி முகவரி அத்தனை பேருக்கும் தெரிய. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி இப்படி அனுமதியில்லாமல் பகிர்வது குற்றமாகலாம்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய், பெயரின் வால் தெரியும்படி இன்றே மாற்றுங்கள். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். ஆயாவின் டிஸ்க் செருகியே இருந்தது, அதுவும் போயிற்று. மாட்டிக்கொண்டால் முதலில் வைஃபையை அணையுங்கள், வேறு போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிரௌசரில் சேமித்ததையும் இவை திருடும். பணம் மட்டும் கட்டாதீர்கள், கட்டியும் ஃபைல் திரும்பாதவர்கள் உண்டு.

2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் மற்றவர்களோடு கூட்டாக நடத்தும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கும். ஆயாவின் ஃபைல்களுக்கு இன்று அங்கே சாவி இல்லை. பின்னால் வரலாம். டிஸ்க்கை அழிக்காமல் உறையில் போட்டுக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவாருங்கள் ஆயா என்று சொல்லி அனுப்பினேன்.