எல்லையை எங்கிருந்து எண்ணுவது? லினக்ஸின் வழித்தேர்வுப் பிழை ஒன்று

ஒரு சர்வரிலிருந்து வெளியே போக ஒரே செலவுள்ள இரண்டு மூன்று வழிகள் இருந்தால், எந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) எதில் அனுப்புவது என்று இயங்குதளத்தின் மையமான கர்னல்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்றி மாற்றி அனுப்பிவிடலாமே என்று தோன்றும். லினக்ஸில், இணைய நெறிமுறையின் பழைய பதிப்பான ஐபிவி4-ஐக் கையாளும் பகுதியில் சில ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. 2012-இல் வந்த 3.6 பதிப்பில், முன்பு தேர்ந்த வழிகளை நினைவில் வைத்திருந்த ரூட் கேஷ் நீக்கப்பட்ட பிறகு பாக்கெட்டுக்குப் பாக்கெட் வழி மாறியது. 2016 ஜனவரியில் வந்த 4.4-இல்தான் அது சரியானது. வழி மாறினால் பாக்கெட்டுகள் வரிசை குலைந்து போய்ச் சேரும். எதுவோ தொலைந்துவிட்டது என்று எண்ணி, பாக்கெட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி தொலையாததை மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

அதனால் ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி போன்றவற்றைக் கலக்கி ஒரு ஹாஷ் எண் எடுக்கிறார்கள். லினக்ஸில் அது 0 முதல் 2147483647 வரை, அதாவது 31 பிட்டுக்குள் இருக்கும். ஒரே இணைப்புக்கு எப்போதும் அதே எண்தான் வரும்.

எண்ணை வழியாக மாற்ற இரண்டு முறைகளைப் பார்ப்போம். ஒன்று, வழிகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்ப்பது. எளிது, ஆனால் ஒரு வழி கூடினாலோ குறைந்தாலோ பெரும்பாலான இணைப்புகள் இடம் மாறிவிடும். மற்றது, ஹாஷின் பரப்பைப் பங்கு போட்டு, ஒவ்வொரு வழிக்கும் ஒரு மேல் எல்லை வைப்பது. இதில் இடம் மாறுபவை கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் இடையில் அடங்கும் என்று 2000-இல் வெளியான இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 2992 கணக்கிட்டுக் காட்டியது. 2018-இல் லினக்ஸின் ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்த பதிப்பு) பகுதி மீதி முறையை விட்டு எல்லை முறைக்கு மாறியது. நல்ல மாற்றம்தான்.

இரண்டு சம வழிகள் என்றால் முதல் வழியின் எல்லை 1073741823, இரண்டாவதன் எல்லை 2147483647. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், ஹாஷ் எந்த எல்லைக்குள் முதலில் அடங்குகிறதோ அந்த வழியை எடுக்க வேண்டும். மின்கட்டணப் படிநிலை மாதிரி: ‘100 யூனிட்டுக்குள்ளா?’ என்று கீழிருந்து கேட்டுக்கொண்டு போனால்தான் கணக்கு சரியாக வரும். எடுத்த எடுப்பிலேயே ‘500-க்குள்ளா?’ என்று கேட்டால் 60 யூனிட் வீடும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

கர்னலின் ஐபிவி6 பகுதி அப்படித்தான், நடுவிலிருந்து, கேட்டுக்கொண்டிருந்தது. ரூட் தேடல், அண்டை ரூட்டர் பதில் சொல்கிறதா என்பது போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஒரு வழியைக் கொண்டுவரும். ஹாஷ் ஒப்பீடு அந்த வழியிலிருந்து தொடங்கும். அது முதல் வழியாக இருந்தால் சிக்கலில்லை. கடைசி வழியாக இருந்தால் எல்லா இணைப்பும் அதற்கே போகும், ஏனென்றால் அதன் எல்லைக்குள் எல்லா எண்ணும் அடங்கும். மூன்று வழிகளில் நடுவிலிருந்து தொடங்கினால் நடு வழிக்கு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாவதற்கு ஒரு பங்கு, முதல் வழிக்கு ஒன்றுமில்லை. பழைய மீதி முறையில் எங்கிருந்து எண்ணினாலும் பங்கு சமமாகவே வரும். தொடக்க இடத்தைப் பற்றிய கவலை முறையை மாற்றியபோது உள்ளே வந்தது. தொடக்க இடத்தைத் தீர்மானிக்கும் வரிகளோ பழையபடியே இருந்தன. மாறிய வரிகளை மட்டும் படிப்பவர் கண்ணில் இது படாது. ஏழு ஆண்டுகள் படவில்லை.

2025 ஏப்ரலில் திருத்தம் வந்தது: எப்போதும் முதல் வழியிலிருந்து தொடங்கு, மதிப்பெண் எதிர்மறையாக உள்ள வழியை எடுக்காதே. சரி, ஹாஷ் சுட்டும் வழியே எதிர்மறையாக இருந்தால் என்ன ஆகும்? இந்தப் பேட்ச்சை (நிரல் திருத்தத்தை) சரிபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அப்போது தேடல் கொண்டுவந்த வழியே நிற்கும். பங்கீடு கொஞ்சம் சாயும், ஆனால் பாக்கெட் போய்விடும்.

கூடவே இன்னொரு பேட்ச்சும் வந்தது. என் கணிப்பில் அதுதான் சுவாரசியமானது. இணைப்பு விழுந்த வழிகளைக் கண்டுகொள்ளாதே என்று ஓர் அமைப்பு லினக்ஸில் உண்டு. அது இயங்கும்போது விழுந்த வழிக்கு எல்லையாக -1 வைப்பார்கள். எந்த ஹாஷும் அதற்குள் அடங்காது என்பது எண்ணம். ஆனால் ஹாஷ் குறியில்லா எண் (எதிர்மறை ஆகாதது), எல்லை குறியுள்ள எண் (எதிர்மறையும் ஆகலாம்). இரண்டையும் ஒப்பிடும்போது சி மொழி -1-ஐக் குறியில்லாததாக மாற்றிவிடும்; அது 4294967295 ஆகிவிடும். யாரையும் சேர்க்கக் கூடாத வழி எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். ஹாஷைக் குறியுள்ள எண்ணாக நடத்தினால் தீர்ந்தது. 31 பிட்டைத் தாண்டாததால் அது எதிர்மறையாகத் தெரிய வாய்ப்பில்லை. இதைச் சொல்லை நம்பி விடாமல், ஹாஷ் உண்டாகும் இடத்தில் ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தப்படுகிறதா என்று போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ரூட் தேடல் விழுந்த வழியை ஏற்கனவே ஒதுக்கிவிடும். ஆகவே பழைய நிரலில் ஒப்பீடு உயிருள்ள வழியிலிருந்தே தொடங்கியது, கொஞ்சம் இணைப்புகளாவது பிழைத்தன. முதல் பேட்ச்சை மட்டும் சேர்த்தால் ஒப்பீடு பட்டியலின் முதல் வழிக்குப் போகும். அந்த முதல் வழியின் கேபிள்தான் கழன்றிருக்கிறது, அதன் மதிப்பெண்ணும் எதிர்மறையாக இல்லை என்றால், 4294967295 என்ற எல்லையோடு அது ஒவ்வோர் இணைப்பையும் வாங்கிக்கொள்ளும். இன்னும் பராமரிக்கப்படும் பழைய கர்னல் பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுபோகிறவர்கள் இந்த இரண்டில் முதலாவதை மட்டும் எடுத்துப்போகக் கூடாது.