கன்சீல்டு கேரி: தமிழில் படைகரத்தல்

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் நம் செய்திகளில் "துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை" என்ற தொடர் தவறாமல் வந்துவிடும். அந்த ஒரு தொடருக்குள் மூன்று செயல்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. வீட்டில் வைத்திருப்பது ஒன்று. நாலு பேர் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே கொண்டுபோவது இன்னொன்று. அங்கே அதை ஓப்பன் கேரி என்கிறார்கள். சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கடைக்கும் தேவாலயத்துக்கும் போய்வருவது மூன்றாவது. இதுதான் கன்சீல்டு கேரி. பொது இடத்தில் ஒருவன் சுடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் திருப்பிச் சுட்டுக் காப்பாற்றுவாரா என்ற வாதம் பெரும்பாலும் இந்த மூன்றாவதைச் சுற்றித்தான் நடக்கிறது. நாம் சொல்லைப் பிரித்து வைக்காததால் வாதமும் நமக்குப் பிடிபடாமல் போகிறது.

கன்சீல் என்பது மறைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கேரி, வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இரண்டும் சேர்ந்த தொடருக்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது, சொல்லின் நிறம் மாறியது அங்கேதான். 1813இல் கென்டக்கி, லூசியானா மாநிலங்கள் ஆயுதத்தை மறைத்துக் கொண்டுசெல்வதைத் தடைசெய்தன. 1850இல் லூசியானா உச்ச நீதிமன்றம், வெளிப்படையாக ஆயுதம் தரிப்பது ஆண்மையான தற்காப்புக்கு உதவும், மறைத்து வைப்பது கோழைத்தனமான கொலைக்கு இடங்கொடுக்கும் என்ற பொருளில் எழுதியது. அன்றைய அமெரிக்கருக்கு ஒளித்த ஆயுதம் இழிவு. 1987இல் புளோரிடா, தகுதி உள்ளவர் கேட்டால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. நூறு ஆண்டு இழிவாக இருந்தது பிறகு பொறுப்புள்ள குடிமகனின் அடையாளம் ஆயிற்று.

தமிழுக்கு வருவோம். துப்பாக்கி என்ற சொல்லே துருக்கி, பாரசீகப் பக்கத்திலிருந்து நடந்து வந்தது. ஈழத்தார் சொல்லும் துவக்கும் அதே குடும்பம். ஆனால் ஆயுதத்தை மறைப்பதற்கு நம்மிடம் மிகப் பழைய சொல் உண்டு: கரத்தல். "இயல்வது கரவேல்" என்று ஆத்திசூடியில் குழந்தையாக ஒப்பித்தோமே, அந்தக் கரத்தல்தான். இன்றும் அது சாகவில்லை. கெரில்லாப் போரை ஈழத்தமிழ் கரந்தடிப் போர் என்கிறது.

இந்தச் சொல்லும் ஆயுதமும் ஒரே அடியில் சந்திக்கும் இடம் பெரியபுராணத்தில் இருக்கிறது. மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வரும் முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசிக்கொண்டு, "கையினிற் படைகரந்த புத்தகக் கவளி ஏந்தி" உள்ளே நுழைகிறான். படை என்றால் பழந்தமிழில் சேனை மட்டுமல்ல, ஆயுதமும்தான். சேக்கிழார் இரண்டு வினைகளை எவ்வளவு கவனமாகப் பிரிக்கிறார் என்று பாருங்கள். ஏந்துவது புத்தகக் கட்டை, கரப்பது ஆயுதத்தை. ஏந்துதல் என்றால் தூக்கிப் பிடித்தல், பிறர் பார்க்கத் தாங்குதல். அதனால்தான் "துப்பாக்கியை மறைத்து ஏந்திச் செல்லுதல்" என்ற மொழிபெயர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. மறைத்ததை ஏந்த முடியாது. குறளும் இதே பக்கம்தான்: "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்". கும்பிட்ட கைக்குள்ளும் ஆயுதம் ஒடுங்கியிருக்கும் என்கிறார் வள்ளுவர், பகைவரைப் பற்றி.

ஆக, கரந்த படை நம் இலக்கியத்தில் வஞ்சகன் கையில் இருக்கிறது, அமெரிக்காவில் இன்று காப்பவர் இடுப்பில் இருப்பதாகச் சொல்கிறார்கள். 2012 டிசம்பரில், சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கத்தின் வெய்ன் லபியர், துப்பாக்கி வைத்த கெட்டவனைத் தடுக்கத் துப்பாக்கி வைத்த நல்லவனால் மட்டுமே முடியும் என்றார். அப்படி நடந்ததும் உண்டு. 2022 ஜூலை 17 அன்று இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் ஒருவன் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே இருந்த 22 வயது இளைஞர் கைத்துப்பாக்கியை எடுத்து, பத்துக் குண்டுகளில், சில நொடிகளுக்குள் அவனை வீழ்த்தினார். அன்று பிழைத்தவர்களின் குடும்பத்திடம் போய் இது பயனற்றது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எத்தனை முறை? 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. காவல்துறை அல்லாத ஆயுதமுள்ளவர்கள் சுட்டு முடிவுக்கு வந்தவை ஐந்து. அந்த ஐந்திலும் காவலாளிகள் போக, உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த சாதாரணக் குடிமகன் ஒரே ஒருவர். வெறுங்கையோடு இருந்தவர்கள் பாய்ந்து பிடித்து முடித்தவை 21. இந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு. துப்பாக்கிச் சட்டங்களை ஆராயும் பொருளியலாளர் ஜான் லாட் போன்றவர்கள் விடுபட்ட நிகழ்வுகளைச் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு கூடும் என்கிறார்கள். அப்படியே கூட்டினாலும் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது: துப்பாக்கியை வெளியே எடுத்த அந்த நொடியில் அவர் யார் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

2011 ஜனவரி 8, அரிசோனாவின் டூசான். நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த கடை வாசலில் சூடு நடக்கிறது, ஆறு பேர் சாகிறார்கள். பக்கத்து மருந்துக் கடையில் இருந்த ஓர் இளைஞர் சத்தம் கேட்டு ஓடி வருகிறார். கை சட்டைப்பைக்குள், துப்பாக்கியின் மேல்; தவறி வெடிக்காமல் காக்கும் பூட்டை விலக்கியாயிற்று. எதிரே ஒருவர் கையில் துப்பாக்கி. இவன்தான் என்று நினைத்து அவரைப் பிடித்துச் சுவரில் தள்ளுகிறார். அவனில்லை, அவனில்லை என்று சுற்றியிருந்தவர்கள் கத்துகிறார்கள். அந்த மனிதர் கொலையாளியிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தவர். கொலையாளியோ வெறுங்கை மனிதர்களின் பிடியில் தரையில் கிடந்தான். இளைஞர் துப்பாக்கியை வெளியே எடுக்கவில்லை, அதனால் அந்த மனிதர் பிழைத்தார்.

கலைச்சொல்லாக மூன்றையும் இப்படிப் பிரிக்கலாம் என்பது என் கருத்து: வீட்டில் வைத்திருப்பது துப்பாக்கி உடைமை, வெளிப்படையாகக் கொண்டுபோவது படையேந்தல், மறைத்துக் கொண்டுபோவது படைகரத்தல். கரப்பு என்ற பெயர்ச்சொல் குறளில் இருந்தாலும் இன்று கரப்பான்பூச்சிதான் நினைவுக்கு வரும், ஆகவே அதை விட்டுவிடலாம். செய்தித்தாளுக்குப் படைகரத்தல் கனமாகத் தோன்றினால் "மறைத்துக் கொண்டுசெல்லுதல்" போதும். "தற்காப்புத் துப்பாக்கி" மட்டும் வேண்டாம். அது பொருளைச் சொல்வதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் அர்வாடா நகரில் ஒரு காவலரைக் கொன்றவனை, தெருவுக்கு ஓடி வந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பிறகு கொலையாளியின் நீளத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் வந்த காவலர் ஒருவர் அவரைத்தான் கொலையாளி என்று எண்ணிச் சுட்டுக் கொன்றார். இதை நம் மொழியில் எழுதுகிறவர் "துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் சுடப்பட்டார்" என்று முடித்துவிடக் கூடாது. கரந்து வைத்திருந்தவர், வெளியே எடுத்தவர், எடுத்த பின் யாரென்று தெரியாமல் நின்றவர் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.