கையை எடுத்த பிறகும் வைஸ் ஏன் விடுவதில்லை?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி வைஸைப் பற்றி, அதாவது இரண்டு தாடைகளுக்கு நடுவே துண்டை வைத்துத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவியைப் பற்றி, கேள்வி அனுப்பியிருக்கிறார். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிறாராம். ஹட்டனில் ஒரு லேத் பட்டறைக்குப் போனபோது கவனித்ததை எழுதியிருக்கிறார்: "பாஸ் இரும்புத் துண்டை வைஸில் வைத்து ஒரு கையால் இறுக்கினார். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சுத்தியலால் அடித்தார். துண்டு அசையவே இல்லை. வைஸ் துண்டைத் தள்ளினால் துண்டும் அதே அளவு திருப்பித் தள்ளும் என்றுதானே நியூட்டன் சொல்கிறார்? அப்படியென்றால் கையை எடுத்ததும் கைபிடி தானாகச் சுழன்று வைஸ் திறந்திருக்க வேண்டாமா?"

துண்டு திருப்பித் தள்ளுகிறது என்பது முழுக்க உண்மை. இறுக்கிய வைஸின் உடம்பு மயிரிழை அளவு விரிந்து நிற்கிறது, துண்டு மயிரிழை அளவு நசுங்கி நிற்கிறது. இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பத்தான் பார்க்கின்றன. அந்தத் தள்ளல் முழுவதும் திருகின் மேல் விழுகிறது. ஆனாலும் திருகு சுழல்வதில்லை. ஏன்?

தெரிந்த கணக்கை வேகமாக முடித்துவிடுவோம். கைபிடி ஒரு நெம்பு. திருகு என்பது உருளையைச் சுற்றி வளைத்த சாய்தளம். நடுத்தர வைஸ் ஒன்றின் திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபிடியைத் திருகின் மையத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால், ஒரு சுற்றில் நம் கை ஏறக்குறைய 1,257 மில்லிமீற்றர் பயணம் செய்கிறது. அதாவது 250 மடங்கு. ஆகவே 10 கிலோ எடை அளவுக்குத் தள்ளினால் தாடைகளுக்கு நடுவே இரண்டரைத் தொன் விசை வரவேண்டும். நடைமுறையில் கிடைப்பது 400 கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆறில் ஒரு பங்கு. மிச்ச ஐந்து பங்கையும் உராய்வு தின்றுவிடுகிறது.

தம்பியின் கேள்விக்கு விடை அந்த ஐந்து பங்கில்தான் இருக்கிறது.

திருகின் சராசரி விட்டம் 22 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு 69. புரி, அதாவது திருகைச் சுற்றி வெட்டியிருக்கும் வரி, 69 மில்லிமீற்றர் சுற்றி வந்து 5 மில்லிமீற்றர்தான் ஏறுகிறது. மலையைச் சுற்றிச் சுற்றி மேலே போகும் தோட்டத்து ரோட்டைப் போல, தூரம் அதிகம், ஏற்றம் குறைவு. அந்தச் சாய்வைக் கோணமாகப் போட்டால் 4 பாகைக்குச் சற்று மேல் வரும். இனி, தட்டையான இரும்புத் தகடு ஒன்றின் மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்து, தகட்டை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள். துண்டு எந்தக் கோணத்தில் வழுக்கத் தொடங்குகிறதோ அதுவே உராய்வுக் கோணம். உராய்வுக் குணகம் 0.15 என்றால் அது எட்டரைப் பாகை. எட்டரைப் பாகை வரை தாங்கும் துண்டை 4 பாகைச் சரிவில் வைத்தால் அது எப்படி இறங்கும்? திருகும் அப்படித்தான் நிற்கிறது. புரியின் கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாக இருக்கும் வரை, தாடைப் பக்கமிருந்து யார் எவ்வளவு தள்ளினாலும் திருகு பின்னோக்கிச் சுழலாது. கூடுதலாக இறுக்கினால் திருப்பித் தள்ளும் விசையும் கூடும்தான். ஆனால் அதோடு சேர்ந்து உராய்வும் அதே வீதத்தில் கூடிவிடும். 40 கிலோவில் பூட்டிக்கொள்ளும் வைஸ் 400 கிலோவிலும் பூட்டிக்கொள்ளும்.

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. இறுக்கும்போது நாம் கொடுக்கும் சக்தியில் ஒரு பகுதி வைஸை விரித்துத் துண்டை நசுக்கி அங்கேயே சேமிப்பாக நிற்கிறது. மறு பகுதி உராய்வில் சூடாகிப் போய்விடுகிறது. வைஸ் தானாகத் திறக்க வேண்டுமானால், அந்தச் சேமிப்பிலிருந்துதான் திரும்பி வரும் வழியின் உராய்வுக்கும் செலவழிக்க வேண்டும். போகும்போது போன அளவுக்குக் கிட்டத்தட்ட அதே உராய்வு வரும்போதும் காத்திருக்கிறது. போகும்போதே பாதிக்கு மேல் உராய்வுக்குப் போயிருந்தால், சேமிப்பில் இருப்பது பாதிக்கும் குறைவு. அதை வைத்துத் திரும்பும் செலவை அடைக்க முடியாது. ஆகவே தானாகப் பூட்டிக்கொள்ளும் திருகு எதுவும் 50 சதவீத வினைத்திறனைத் தாண்டவே முடியாது. இது எந்த உலோகத்துக்கும், எந்த அளவு திருகுக்கும் பொருந்தும். வினைத்திறன் என்றால் கூடக் கூட நல்லது என்றே பாடசாலையில் பழகிவிட்டோம். இங்கே பாதிக்கு மேல் வீணாவதால்தான் வேலையே நடக்கிறது.

இதற்கு நேர் எதிரான திருகும் உண்டு. கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களில் புரிக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளும் போல் ஸ்க்ரூ பொருத்தியிருப்பார்கள். வழுக்காமல் உருள்வதால் அதன் வினைத்திறன் 90 சதவீதத்தைத் தொடும். துல்லியத்துக்கு அருமையான சாதனம். ஆனால் மேலும் கீழும் போகும் அச்சில் மின்சாரம் நின்றால், தலைப்பாகத்தின் எடையே திருகைச் சுழற்றிக் கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்கத் தனியாக பிரேக் வைத்தாக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததே, அந்த இருட்டிலும் சாதாரண வைஸில் பிடித்து வைத்த துண்டு பிடித்தபடியேதான் இருந்திருக்கும். பிடித்து வைத்திருப்பதற்கு மின்சாரம் எதுவும் தேவையில்லை.

தேயிலை பெக்டரிக்குள் போனவர்கள் இதே வேலையை வேறு உருவத்தில் பார்த்திருப்பார்கள். ரோலரில் வாடிய கொழுந்தைப் போட்டு மேலே மூடியை இறக்குகிறார்கள் அல்லவா? சக்கரத்தைச் சுழற்றி மூடியை அழுத்திவிட்டு ஆள் அடுத்த ரோலருக்குப் போய்விடுவார். கீழே கொழுந்து புரண்டு புரண்டு தள்ளிக்கொண்டே இருக்கும், மூடி மேலே ஏறாது. மறுபடி சக்கரத்தைச் சுழற்றித்தான் அழுத்தத்தை எடுப்பார்கள்.

"அப்படியென்றால் திருகுக்கு எண்ணெய் போட்டால் கழன்றுவிடுமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கழலாது. எண்ணெய் போட்டு உராய்வுக் குணகம் 0.1க்கு இறங்கினாலும் உராய்வுக் கோணம் 5.7 பாகை. அதுவும் புரியின் கோணத்தைவிடப் பெரியதுதான். வீணாவது குறைவதால், அதே 10 கிலோத் தள்ளலுக்கு இறுக்கம் 600 கிலோவை நெருங்கிவிடும். வைஸ் பிடிக்கவில்லை என்று கைபிடியில் நீளக் குழாயைச் செருகி இறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பதறும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, ஒரேயடியாக உடையும். திருகில் படிந்த அரத்தூளைத் துணியால் துடைத்து, பழைய கிறீஸை வழித்தெடுத்துப் புதிதாகத் தடவினால் அந்தக் குழாய்க்கு வேலையே இருக்காது. சுத்தியல் அடியும் எப்போதும் நிலையான தாடையை நோக்கி விழ வேண்டும். நகரும் தாடையை நோக்கி அடித்தால் அடி முழுவதும் புரியில் போய் இறங்கும்.

லேத்தில் துண்டைப் பிடித்துச் சுழற்றும் மூன்று தாடை சக்கும் இதே குடும்பம்தான். அதற்குள் இருக்கும் வட்டத் தட்டில் புரி உருளையைச் சுற்றாமல் தட்டையாக, சுருளாக வெட்டப்பட்டிருக்கும். சாவியைத் திருகினால் தட்டு சுழலும், மூன்று தாடைகளும் ஒன்றாக உள்ளே வரும். தாடைகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பதைப் பாருங்கள். சுருள் ஒவ்வொரு தாடையிடமும் வெவ்வேறு இடத்தில் வந்து சேருவதால், வரிசை மாற்றிப் போட்டால் தாடைகள் மையத்தில் சந்திக்காது. துளையிடும் இயந்திரத்தில் துளைக்கருவியைப் பிடிக்கும் மோர்ஸ் டேப்பர் இன்னும் எளிமையானது. திருகே கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரைப் பாகை மட்டும் சாய்ந்த கூம்பு. செருகித் தட்டினால் உராய்விலேயே நிற்கும், ஆப்பு வைத்து அடித்துத்தான் எடுக்க வேண்டும். மில்லிங் இயந்திரத்தின் கூம்பு ஒரு பக்கத்துக்கு 8 பாகைக்கு மேல் சாய்ந்தது. சுலபமாகக் கழல வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் அதை பின்னாலிருந்து ஒரு கம்பியால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, இவ்வளவு உறுதியான பூட்டு சில நேரம் கழன்றுவிடுகிறதே? அதிர்வுதான் காரணம். உராய்வு எப்போதும் வழுக்கும் திசைக்கு எதிராகத்தான் நிற்கும். புரிகள் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் உராய்வு முழுவதும் அந்தப் பக்கமே திரும்பிவிடும். அந்தக் கணத்தில் புரியின் சரிவைக் காக்க ஆளில்லை, திருகு ஒரு துளி கழலும். அடுத்த அதிர்வில் இன்னொரு துளி. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டை நீளவாக்கில் இழுத்து ஆட்டுவதைவிட, குறுக்கே ஆட்டுவதுதான் வேகமாகக் கழற்றுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

பட்டறைகளில் துண்டு தெறித்து யாருக்காவது அடிபட்டால் கண்ணூறு என்று சொல்லி எலுமிச்சை கட்டுவார்கள். ஆயுத பூசைக்கு இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றாவது தாடைகளின் இடுக்கிலிருக்கும் தூள் வெளியே வரும். ஆனால் விபத்துக்குக் கண்ணூறைக் காரணமாக்கினால், மழுங்கிப்போன தாடைப் பல்லையும் தேய்ந்த புரியையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மறுபடியும் ஒருவருக்கு அடிபடும்.

உராய்வைப் பற்றிய ஆராய்ச்சி சின்ன விசயம் இல்லை. 1966இல் பிரித்தானியாவில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வெளிவந்த அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் எண்ணெயிடுவதையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாடு ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண் மிச்சப்படுத்தலாம் என்று கணக்கிட்டது. இலங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில், நம் பக்கத்திலேயே இருக்கிறது. செடிக்குக் கொடுக்கும் கவனத்தை, அந்தச் செடியின் கொழுந்தை அரைக்கும் இயந்திரத்தின் தேய்மானத்துக்கும் கொடுக்க வேண்டும். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அந்தப் பாடம் நடக்கும் ஒவ்வொரு தோட்டப்புறப் பாடசாலைக்கும் நல்ல வைஸ் ஒன்றும் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் ஒன்றும் கட்டாயம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். பாகைமானியை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போங்கள். பாஸிடம் கேட்டு வைஸின் தாடையை முழுதாக வெளியே இழுத்து, திருகின் விட்டத்தை அளந்து, ஒரு சுற்றுக்குத் தாடை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். புரியின் கோணம் கிடைத்துவிடும். பிறகு இரும்புத் தகட்டைச் சாய்த்து உராய்வுக் கோணத்தை ஒருமுறை துடைத்த தகட்டிலும், ஒருமுறை எண்ணெய் தடவியும் எடுங்கள். மூன்று கோணங்களையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த கட்டுரையில் உங்கள் பாடசாலையின் பெயரோடு போடுகிறேன்.