சுரண்டும் கத்தி வேறு, பூசும் கத்தி வேறு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பழைய வீடு. கூடத்துச் சுவருக்குப் புட்டி (வெடிப்பையும் பள்ளத்தையும் நிரப்பிச் சமப்படுத்தும் பசை) வைத்துப் பெயின்ட் பூசி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, பின்னேரம் ஐந்து மணிக்கே வரச் சொன்னார். ஏன் அந்த நேரம் என்பது போன பிறகுதான் விளங்கியது. யன்னலால் வெயில் சாய்வாகச் சுவரில் விழுந்திருந்தது. "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். சுவர் முழுவதும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், நாலங்குலத்துக்கு ஒன்றாக, கொப்பியில் கோடு போட்டதுபோல ஓடின.

வேலை செய்தவர்கள் என் ஆட்கள். பழியை வேறெங்கும் போட முடியாது. மறுநாள் சாமான் பெட்டியைக் கிளறினேன். நாலங்குலப் புட்டிக் கத்தியின் வலது மூலை ஒரு நெல்மணி அளவு மேலே வளைந்திருந்தது. பெயின்ட் டின்னின் மூடியை அதால் நெம்பித் திறந்திருக்கிறார்கள். அதற்கு முந்திய கிழமை அதே கத்தியால் மதில் ஒன்றில் பழைய பெயின்ட்டையும் சுரண்டியிருக்கிறார்கள். பிறகு அதையே எடுத்துக் கூடத்துச் சுவரில் புட்டி இழுத்திருக்கிறார்கள். அந்தச் சுவரை என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன்.

20 வருடமாக இந்தத் தொழிலில் நான் காணும் பாதிப் பிழைகள் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன: ஒரே கத்தியால் எல்லாவற்றையும் செய்வது. பெயர்க் குழப்பமும் இதற்கு ஒரு காரணம். ஒருவர் புட்டிக் கத்தி என்பார், இன்னொருவர் பட்டிக் கத்தி என்பார், மற்றவர் ஸ்கிரேப்பர் என்பார். பழைய சோனகத் தெருவில் ஏதாவது ஒரு ஹாட்வெயார் கடையில் நின்று "புட்டிக் கத்தி ஒன்று தாருங்கள்" என்றால், கைக்கு எட்டிய ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார்கள். கடைக்காரரில் குற்றமில்லை. பூசுவதற்கா சுரண்டுவதற்கா என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பூசும் கத்தியின் தகடு மெல்லியது, வளையக்கூடியது. வாங்கும்போது நுனியைக் கடை மேசையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். வில்போல வளைய வேண்டும். கையை எடுத்தவுடன் நேராக நிமிர வேண்டும். இலேசாக வளைந்தபடியே நின்றுவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, அதன் விளிம்பை ஒரு கண்ணாடியிலோ டைலிலோ நிமிர்த்தி வைத்து, எதிர்ப்பக்க வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்புக்கு அடியால் வெளிச்சம் கசிந்தால் அந்தக் கசிவுதான் நாளைக்கு உங்கள் சுவரில் மேடாக நிற்கும். சுரண்டும் கத்தியோ தடித்தது, விறைப்பானது, வளையவே கூடாது. அதன் தகடு பிடிக்குள் பாதியில் நின்றுவிடாமல் கடைசிவரை போயிருக்கிறதா என்று பாருங்கள். பாதித் தகட்டுக் கத்தி பலமாக நெம்பும்போது பிடியோடு கழன்று வரும்.

அகலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆணித் துவாரத்துக்கும் யன்னல் சட்டத்துக்கும் ஒன்றரை அங்குலம், சுவர் வெடிப்புக்கு மூன்று, பரந்த சுவருக்கு ஆறு அல்லது அதற்கு மேல். வீட்டுக்கு இரண்டு பூசும் கத்தியும் ஒரு சுரண்டும் கத்தியும் போதும். கார்பன் உருக்கா, கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் உருக்கா என்று கேட்பார்கள். கார்பன் உருக்கு விளிம்பு நன்றாக நிற்கும், கைக்குச் சொன்னபடி வளையும். ஆனால் கடற்காற்றில் ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மஞ்சளாகக் கிடக்கும். தினம் வேலை செய்பவன் நான், எனக்கு அது சரி. வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

புதுக் கத்தியை அப்படியே சுவரில் வைக்காதீர்கள். இரு மூலைகளையும் மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று முறை தேய்த்து, கூர் மட்டும் போகும்படி இலேசாக உருட்டிவிடுங்கள். மூலை கூராக இருந்தால் ஒவ்வோர் இழுவைக்கும் ஒரு கீறல் விழும். பூசும்போது அகலமான கத்தியைத் தட்டுப்போல இடது கையில் பிடித்து அதில் புட்டியை வைத்துக்கொண்டு, வலது கைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒவ்வோர் இழுவைக்கும் பிறகு ஒரு கத்தியின் விளிம்பை மற்றதில் வழித்துவிட வேண்டும். காய்ந்த சிறு பருக்கை ஒன்று போதும், முழு இழுவையையும் கெடுத்துவிடும். நிரப்பும்போது கத்தியைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, வெடிப்புக்குக் குறுக்காக அழுத்துங்கள். சமப்படுத்தும்போது சுவரோடு சாய்த்து, வெடிப்பின் நீளத்துக்கு ஒரே மூச்சில் இழுங்கள். ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றர் போதும். தடிப்பாக அப்பினால் காயும்போது வெடிக்கும். சீமெந்துப் புட்டி வாளியில் இறுகத் தொடங்கினால் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பிழைக்கப் பார்க்காதீர்கள். அது சுவரில் ஒட்டினாலும் விரலால் தேய்க்க மாவாக உதிரும்.

இவ்வளவும் காய்ந்த சுவருக்கு. கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது முடிந்தாலும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை விடாது. நிலத்திலிருந்து ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கும் சுவரில் எந்தக் கத்தியாலும் எந்தப் புட்டியும் நிற்காது. ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி பிடித்திருந்தால் புட்டி வாங்கப் போகாதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் யன்னல் சட்டங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே மஞ்சள். கத்தி போகும் இடமெல்லாம் செதில் செதிலாக நிலத்தில் கொட்டியது. திரும்பிப் பார்த்தால், தவழும் வயதுக் குழந்தை ஒன்று பச்சைச் செதில் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறது. பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன். குழந்தை அழுதது. அம்மம்மா என்னை முறைத்தார்.

பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். மஞ்சள், செம்மஞ்சள், பச்சை போன்ற நிறங்களுக்கு ஈயக் குரோமேட்டைக் கலப்பது வழக்கமாக இருந்தது. இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு விதித்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பிறப்பித்த பணிப்புரை 2013 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது: எனாமலுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, சுவருக்குப் பூசும் எமல்ஷனுக்கு 90 பங்கு. அதற்கு முன்பு பூசிய கதவு, யன்னல், கம்பி எதுவானாலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கத்தியை எடுங்கள். பாதிப்பில்லாத அளவு என்று ஈயத்துக்கு ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் கெடுக்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் விடாது.

ஆகவே காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். தெளிக்கும் போத்தலில் தண்ணீர் எடுத்து, நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். கீழே பொலித்தீன் விரியுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் வரக் கூடாது. துணி முகக்கவசம் இந்தத் தூசுக்கு உதவாது. என்95 தரமாவது வேண்டும். முடிந்ததும் விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, செதிலைப் பொலித்தீனோடு சுருட்டிக் கட்டுங்கள். நெருப்பு விளக்கால் பெயின்ட்டைச் சுட்டு உரிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்தச் சூட்டில் ஈயம் புகையாகி மூச்சோடு உள்ளே போகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எங்கள் தொழிலாளர்களில் பலர் சுரண்டிய கையாலேயே சுண்ணாம்பு தடவி வெற்றிலை மடிப்பார்கள். நானும் மடித்திருக்கிறேன். தேநீருக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாதவரை இப்போது என் வேலையிடத்தில் கோப்பை கொடுப்பதில்லை.

சாம்பல் நிறத் தகட்டுச் சீலிங்கிலும் கத்தியை வைக்காதீர்கள். பழைய வீடுகளில் அது பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ். அதன் நார்த் தூசு புற்றுநோயைத் தரக்கூடியது. கறை மறைய வேண்டுமென்றால் சுரண்டாமல் மேலால் பூசுங்கள். சுவிட்சுப் பெட்டியைச் சுற்றிப் புட்டி வைக்கும்போது பிரதான ஆளியை நிறுத்துங்கள். ஈரச் சுவர், இரும்புத் தகடு, 230 வோல்ட் மூன்றும் சேரும் இடம் அது.

கத்தியைப் பேணுவதில் ஒரே ஒரு கண்டிப்பு: புட்டி காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும். காய்ந்த பிறகு சுத்தியலால் தட்டி உதிர்ப்பார்கள், தகடு நெளிந்துவிடும். துணியால் துடைக்கும்போது பிடியிலிருந்து விளிம்பை நோக்கி இழுங்கள், விளிம்பின் நீளத்துக்கு விரலை ஓட்டாதீர்கள். ஓடித் தேய்ந்த விளிம்பு சவர அலகுபோல் ஆகிவிடும். என் பெருவிரலில் நான்கு தையலும் ஓர் ஏற்பு ஊசியும் அப்படித்தான் வந்தன. நன்றாக உலர்த்தி, கிடைக்கும் எந்த இயந்திர எண்ணெயையும் ஒரு துளி தடவி, பழந்துணியில் சுற்றி வையுங்கள். இலேசான கறள் என்றால் நுண்ணிய சாண்ட் பேப்பரைக் கண்ணாடி மேல் வைத்துத் தகட்டைத் தட்டையாகத் தேய்த்தால் போய்விடும். சுரண்டும் கத்தியை அரத்தால் தீட்டலாம். பூசும் கத்தியைத் தீட்ட வேண்டாம்.

வெள்ளவத்தை வீட்டில் கோடு போட்ட அந்த நாலங்குலக் கத்தியை நான் எறியவில்லை. அதன் பிடியில் சிவப்பு டேப் சுற்றிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். இப்போது டின் திறப்பது அதன் வேலை. பையன்கள் வேறு கத்தியைக் கையில் எடுத்தால், "சிவப்பு எங்கே?" என்று கேட்பேன்.