தே-ஓ குடித்தும் சீனி மறுபடி இறங்குவது ஏன்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தைப்பூசத்தன்று அவருடைய அப்பா வழக்கம்போல் காலை நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதம் என்பதால் எதுவும் சாப்பிடாமல், சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் பால்குடம் சுமந்து நடந்தாராம். வழியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியிருக்கிறது. ரத்தத்தில் சீனி 3.1 மில்லிமோல். சர்க்கரை போட்ட தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்ததும் தெளிந்துவிட்டார். மதியம் பார்த்தால் மறுபடியும் 3.3! "குடிச்ச சீனி எங்க போச்சு?" என்பது அவர் கேள்வி.

ரத்தத்தில் சீனி லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் சீனித்தாழ்வு. உடனே 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரிலோ தே-ஓவிலோ கலந்து கொடுத்துவிட்டு 15 நிமிடத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும். (கொசோங், அதாவது சீனி போடாதது, கேட்டு வாங்கிவிடாதீர்கள்.) நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்க வேண்டும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த கதை கணையத்துக்குள் நடக்கிறது.

ரத்தத்தில் சீனியைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல், ரத்தத்தில் எவ்வளவு சீனி என்பதை நேரடியாக அளப்பதில்லை. சீனியைத் தானே வாங்கி எரித்து, கிடைக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அதன் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் உண்டு. ஏடிபி பெருகினால் அவை மூடிக்கொள்ளும். வெளியேற முடியாத பொட்டாசியத்தால் சவ்வின் மின்னழுத்தம் மாறும். அதனால் கால்சியத்தின் வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும் இன்சுலின் பொட்டலங்கள் வெளியே கொட்டும். சாப்பிட்டதைத் தானும் ஒரு வாய் தின்றுபார்த்து முடிவெடுக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கிளிப்பிசைடு, கிளிக்லசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரைகள் அதே பொட்டாசிய வாசலை நேராகப் போய் அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் சீனி 3-க்கு இறங்கினாலும் வாசல் திறக்காது, இன்சுலின் நிற்காது. போதாததற்கு, நாம் கொடுக்கும் தே-ஓ அந்தச் செல்லை இன்னும் தூண்டும். சீனி ஏறும், கூடவே இன்சுலினும் ஏறும், பிறகு சீனி சரியும். அதனால்தான் தெளிந்தபின் சோறோ ரொட்டியோ சாப்பிட வைக்க வேண்டும். கடுமையான தாழ்வுக்கு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதோடு, சுரப்பையே அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியும் போடுவது இதற்காகத்தான்.

இந்த மருந்துக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு விபத்தால். 1942-இல் பிரான்சின் மோன்பெலியேவில் டைபாய்டுக்காக சல்ஃபா என்ற வகைக் கிருமிக்கொல்லி மருந்து ஒன்றைக் கொடுத்தபோது சில நோயாளிகளுக்குச் சீனி ஆபத்தாக இறங்கியது. சிங்கப்பூரிலும் ஒரு கொடுமை நடந்தது. 2008-இன் முதல் ஐந்து மாதங்களில் நீரிழிவே இல்லாத 150 பேர் கடுமையான சீனித்தாழ்வோடு பொது மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், நால்வர் இறந்தார்கள். காரணம், கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கலந்திருந்த கிளிபென்கிளமைடு. அதுவும் இதே குடும்பம். இதற்குப் பிறகும் "மூலிகைதானே, என்ன செய்யப் போகுது" என்று பெயர் தெரியாத பொடியை வாங்கி விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாசகியின் அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலில் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற வேறு வகை நீரிழிவு மாத்திரை மட்டும் என்றால் இப்படி இறங்குவது அரிது. சல்ஃபோனைல்யூரியா என்றால், அதிலும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், மருந்தின் வேலை நீளக்கூடும். சீனி இப்படி இறங்கிய நாளில் இரவு படுக்கும் முன்பும் ஒருமுறை சோதிக்க வேண்டும். அடுத்த விரதத்துக்கு முன்பே பலதுறை மருந்தகத்தில் காலை மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டுவிடுங்கள்.